குழந்தையின் வயிற்றில் தட்டுப்படும் கட்டி

குழந்தையைக் குளிப்பாட்டும் தாயின் கைக்குத் தெரிகிற சில விஷயங்கள் வைத்தியரின் கண்ணுக்கும் முதலில் தெரிவதில்லை. எண்ணெய் தேய்க்கும்போதோ, தலை துவட்டிச் சட்டை மாட்டும்போதோ, இறுகிப்போன அரைஞாண் கயிற்றைத் தளர்த்திக் கட்டும்போதோ, விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கமாகக் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது. குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வயது இருக்கும். வலி என்று அழவில்லை, காய்ச்சல் இல்லை, வழக்கம்போல் உண்டு, உறங்கி, ஓடி விளையாடுகிறது. 'சாப்பாடு ஒத்துக்கொண்டு வயிறு சற்றுப் பூசினாற்போல் இருக்கிறது' என்று வீட்டார் மகிழ்வதும் உண்டு.

இவ்வாறு தட்டுப்படும் கட்டிகளில் பல, ஆபத்து இல்லாதவை. ஆனால் அவற்றுள் ஒன்று சிறுநீரகத்தில் முளைக்கும் ஒருவகைப் புற்றுநோய். வைத்தியர்கள் அதை 'வில்ம்ஸ் கட்டி' என்பார்கள். ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கே வரும் அபூர்வமான நோய் இது. எனினும், குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த வகையே.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதுமே மனம் கலங்குவது இயல்பு. ஆகையால் முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுவோம். மனிதருக்கு வரும் புற்றுநோய்களுள் மிக நன்றாகக் குணமாகக் கூடியவற்றில் இதுவும் ஒன்று. வசதி மிகுந்த நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் 10-க்கு 9 பேர் பிழைத்து வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். அதே சிகிச்சையும் அதே மருந்துகளும் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. பின் எதனால் சில குழந்தைகளை இழக்கிறோம்? நோயின் கொடுமை ஒரு காரணம். காலதாமதமும், தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் மற்றக் காரணங்கள். முதல் காரணம் நம் கையில் இல்லை. மற்ற இரண்டும் பெரும்பாலும் நம் கையில் இருக்கின்றன. சொந்த ஊரையும் உற்றாரையும் விட்டு வெளிமாநிலத்தில் வாழும் குடும்பங்கள் இதனை அறிந்திருப்பது இன்னும் அவசியம்.

குண்டிக்காய் என்று நம் வீடுகளில் வழங்கும் சிறுநீரகங்கள் இரண்டு. முதுகெலும்பின் இருபுறமும், விலாவின் கீழ்ப்பகுதிக்கு உட்புறமாக அமைந்திருக்கின்றன. இரத்தத்தை வடிகட்டிக் கழிவை வெளியேற்றுவதும், உடலின் நீரையும் உப்பையும் அளவோடு வைப்பதும் இவற்றின் வேலை. குழந்தை கருவில் இருக்கும்போது, சில இளம் அணுக்கள் வளர்ந்து முதிர்ந்து சிறுநீரகமாக உருப்பெறுகின்றன. பிறப்பதற்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். சில குழந்தைகளிடம், முதிராத இளம் அணுக்களின் சிறு கூட்டம் ஒன்று அப்படியே தங்கிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் எங்கோ ஓர் அணு கட்டுப்பாட்டை இழந்து பெருகத் தொடங்கினால், அதுவே இந்தக் கட்டியாகிறது. ஆகவேதான் இது சிறு குழந்தைகளைத் தாக்குகிறது. பெரியவர்களுக்கு வருவது மிக அரிது. பெரியவர்களின் சிறுநீரகப் புற்றுநோய் வேறு வகை. அதன் குணமும் சிகிச்சையும் வேறு.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். கர்ப்ப காலத்தில் தாய் உண்டதோ, பயணம் செய்ததோ, குழந்தை எங்கோ விழுந்து அடிபட்டதோ இந்நோய்க்குக் காரணம் அன்று. குழந்தை கீழே விழுந்த பிறகு வயிற்றைத் தடவிப் பார்க்கையில் கட்டி அகப்படுவது உண்டு; ஆயினும் அது முன்பே அங்கு இருந்ததுதான். இது தொற்றுநோயும் அன்று. பரம்பரையாக வருவது 100-க்கு ஒன்றிரண்டு குடும்பங்களில் மட்டுமே. பிறவியிலேயே கண்ணின் கருவிழித்திரை இல்லாத குழந்தைகளுக்கும், உடலின் ஒரு பாதி மறு பாதியைவிடப் பெரிதாக வளரும் குழந்தைகளுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம். அத்தகைய குழந்தைகளுக்கு ஏழு வயது ஆகும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கும்படி வைத்தியர்கள் சொல்வார்கள். அதைத் தவறவிடலாகாது.

நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் கட்டி ஒன்றே. சில குழந்தைகளுக்கு வயிற்றுவலி அல்லது விட்டுவிட்டுக் காய்ச்சல் இருக்கும். ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குச் சிறுநீரில் இரத்தம் காணும். சிலருக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும்; இவ்வளவு சிறு பிள்ளைக்கு இரத்த அழுத்தமா என்று நினைத்துப் பலர் அதை அளந்து பார்ப்பதே இல்லை. சிறுநீர் ஒரே ஒரு முறை சிவந்து போய் மறுநாள் தெளிந்துவிட்டாலும் வைத்தியரிடம் சொல்லியே தீர வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. குழந்தையின் வயிறு உப்பினால் தொக்கம் விழுந்துவிட்டது என்றும், குடல் ஏறிக்கொண்டது என்றும் சொல்லி, விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவிவிடும் வழக்கம் நம்மவரிடையே இருக்கிறது. வேற்றூருக்குக் குடிபோனாலும் வழக்கம் கூடவே வந்துவிடுகிறது. இந்தக் கட்டி மெல்லிய உறைக்குள் அடங்கிய மிருதுவான பொருள். அழுத்தினால் உறை கிழிந்து நோயணுக்கள் வயிறு முழுவதும் சிதறக்கூடும். உள்ளே இரத்தம் கசியவும் கூடும். உறைக்குள் அடங்கியிருந்தால் எளிதில் தீரக்கூடிய நோய், கிழிந்த பிறகு கடுமையான நோயாகிவிடுகிறது. ஆதலால், கட்டி தட்டுப்பட்டதாக ஐயம் தோன்றினால் நீவுவதும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தொட்டு அமுக்கிப் பார்ப்பதும் கூடாது. ஆஸ்பத்திரியிலும் தேர்ந்த கைகள் ஒருமுறை மென்மையாகத் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

இனி, நோயை எவ்வாறு நிச்சயம் செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஒலியலைகளைக் கொண்டு செய்யப்படும் இதில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சில நிமிஷங்களில் முடிந்துவிடும். கட்டி சிறுநீரகத்திலிருந்து எழுந்ததா, ஈரல் அல்லது மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, சிறுநீர் அடைபட்டு வெறும் நீர்ப்பையாக விரிந்திருக்கிறதா என்பது இதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். சிறுநீரகத்திலிருந்து இருதயத்துக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்க்குள் கட்டி வளர்ந்து சென்றிருக்கிறதா என்பதையும் இதிலேயே கவனிக்கிறார்கள். அடுத்து வயிற்றுக்கும் மார்புக்கும் சி.டி. ஸ்கேன். மார்பு எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். இந்நோய் பரவினால் முதலில் போய்த் தங்கும் இடம் பெரும்பாலும் நுரையீரல் என்பதே காரணம். மற்றச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். ஏனெனில் 100 குழந்தைகளில் 5 முதல் 7 பேருக்குக் கட்டி இரண்டு பக்கமும் இருக்கிறது.

சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்தும் வேறொரு புற்றுநோய் இதே வயதில் எழுவது உண்டு. அதற்கு 'நியூரோபிளாஸ்டோமா' என்று பெயர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் சிகிச்சை வேறு. ஐயம் இருந்தால் சிறுநீரில் சில இரசாயனப் பொருள்களை அளந்து வேறுபடுத்தி அறிகிறார்கள். கட்டியில் ஊசி குத்தி ஒரு துளி எடுத்துப் பார்ப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் அவசியமன்று. குழந்தைப் புற்றுநோயில் அனுபவம் உள்ள வைத்தியர்களே அதைத் தீர்மானிக்க வேண்டும். அவசரப்பட்டு வேறெங்கும் செய்துகொள்ளலாகாது.

இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த மாக்ஸ் வில்ம்ஸ், ஜெர்மனி நாட்டு அறுவை வைத்தியர். கருவின் இளம் அணுக்களிலிருந்து இக்கட்டி பிறக்கிறது என்பதை 1899-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார். முதல் உலகப் போரின் போது, தொண்டை அடைப்பான் நோயால் மூச்சுத் திணறிய பிரெஞ்சுப் போர்க் கைதி ஒருவருக்குச் சிகிச்சை செய்கையில் அதே நோய் தம்மைத் தொற்றி, 1918-இல் அவர் மறைந்தார். அவர் காலத்தில் இந்தக் கட்டி வந்த குழந்தை பிழைப்பது அரிதாக இருந்தது. பின்னர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வில்லியம் லாட் என்பவர் கட்டியைச் சிறுநீரகத்தோடு முழுமையாக எடுக்கும் முறையைச் செப்பனிட்டார். அப்போதும் பத்தில் மூன்று குழந்தைகளே பிழைத்தன. அறுவைக்குப் பின் கதிர்ச் சிகிச்சையும் சேர்ந்தபோது, 1950 வாக்கில், ஏறக்குறைய பாதிப் பேர் பிழைத்தார்கள்.

மீதிப் பாதியைக் காப்பாற்றியவை மருந்துகள். அவற்றுள் ஒன்று மண்ணிலிருந்து வந்தது; மற்றொன்று நம் வீட்டு முற்றத்திலும் பூக்கும் செடியிலிருந்து வந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கண்டதற்காக 1952-இல் நோபல் பரிசு பெற்ற செல்மன் வாக்ஸ்மன், அதற்கு முன்பே, 1940-இல், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 'ஆக்டினோமைசின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். கிருமிகளைக் கொல்வதற்கு அது பயன்படவில்லை, நஞ்சு அதிகம். அவ்வகையைச் சேர்ந்த 'ஆக்டினோமைசின் டி' என்ற மருந்து வில்ம்ஸ் கட்டியைக் கரைக்கும் என்பதை, 1950-களில் பாஸ்டன் நகரத்து சிட்னி ஃபார்பர் குழுவினர் கண்டார்கள். இரண்டாவது மருந்து வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் நாம் அழைக்கும் செடியின் இலையிலிருந்து அது கிடைக்கிறது. நீரிழிவைக் குணப்படுத்துமா என்று அந்தச் செடியை ஆராயப் போனவர்கள், அது இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டு, புற்றுநோய் மருந்தாக வளர்த்தார்கள். அமெரிக்காவில் 1963-இல் வின்கிரிஸ்டினுக்கு அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இச்செடியை மருந்துக்காகவே பயிரிடுகிறார்கள். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். சுத்தம் செய்து அளந்து கொடுத்தாலன்றி அது நஞ்சு. எனவே இலையை வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுக்க எவரும் முனையலாகாது.

இன்றைய சிகிச்சையில் அறுவையும் மருந்தும், தேவைப்பட்டால் கதிரும் ஒன்றுசேர்ந்து வேலை செய்கின்றன. எதை முதலில் செய்வது என்பதில் உலகில் இரண்டு மரபுகள் உண்டு. வட அமெரிக்க வைத்தியர்கள் பெரும்பாலும் கட்டியை முதலில் அகற்றிவிட்டுப் பிறகு மருந்து தருகிறார்கள். ஐரோப்பிய வைத்தியர்கள் முதலில் நான்கு வாரம் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருங்கச் செய்து, அதன்பின் அறுவை செய்கிறார்கள். கட்டி சுருங்கிவிட்டால் அறுவையின்போது கிழியும் அபாயம் குறைகிறது. இரண்டு முறையிலும் பலன் ஏறக்குறைய சமம். நம் நாட்டில் பல குழந்தைகள் கட்டி மிகப் பெரிதான பிறகே வருவதால், முதலில் மருந்து கொடுக்கும் முறையைப் பல ஆஸ்பத்திரிகள் மேற்கொள்கின்றன. ஆகவே, 'உடனே அறுத்து எடுக்காமல் ஏன் நாள் கடத்துகிறார்கள்?' என்று பெற்றோர் ஐயுற வேண்டாம். அந்த நான்கு வாரமும் சிகிச்சைக் காலமே.

அறுவை முடிந்ததும், எடுத்த கட்டியை நுண்ணோக்காடியில் ஆராய்ந்து இரண்டு விஷயங்களை நிர்ணயிக்கிறார்கள். ஒன்று, அணுக்களின் குணம் சாதாரணமானதா, மூர்க்கமானதா என்பது. மற்றொன்று, நோயின் படி. கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கி முழுதும் எடுக்கப்பட்டிருந்தால் முதற்படி. சிறுநீரகத்தைத் தாண்டியிருந்தும் முழுதும் எடுக்கப்பட்டிருந்தால் இரண்டாம் படி. வயிற்றுக்குள் மிச்சம் இருந்தாலும், கிழிந்து சிந்தியிருந்தாலும், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் பரவியிருந்தாலும் மூன்றாம் படி. நுரையீரல் முதலிய தூர உறுப்புகளை அடைந்திருந்தால் நான்காம் படி. இரண்டு சிறுநீரகங்களிலும் இருந்தால் ஐந்தாம் படி. நான்காம் படி என்றதும் நம்பிக்கை இழப்பது தவறு. பெரியவர்களின் புற்றுநோய்க்குச் சொல்லும் கணக்கு இதற்குப் பொருந்தாது. நுரையீரலுக்குப் பரவிய பிறகும் பெரும்பாலான குழந்தைகளைக் குணப்படுத்த முடிகிறது. இரண்டு பக்கமும் நோய் இருந்தால், கட்டியை மட்டும் எடுத்து, சிறுநீரகத்தில் எவ்வளவு மிச்சப்படுத்த முடியுமோ அவ்வளவையும் மிச்சப்படுத்த முயல்கிறார்கள்.

அறுவைக்குப் பிந்திய மருந்துக் காலம், படியைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் ஆறு ஏழு மாதங்கள் வரை நீளும். கடுமையான படிகளுக்கு டாக்ஸோரூபிசின் என்ற மூன்றாவது மருந்தும், கதிர்ச் சிகிச்சையும் சேரும். இக்காலத்தில் தலைமுடி உதிரும், மீண்டும் முளைத்துவிடும். வின்கிரிஸ்டின் மலச்சிக்கலை உண்டாக்கும். சில குழந்தைகளுக்குக் கால் சோர்ந்து நடை தடுமாறும். இவற்றை உடனுக்குடன் வைத்தியரிடம் சொன்னால் அளவை மாற்றிச் சரிசெய்வார்கள். மருந்து ஏற்றும்போது ஊசி இடத்தில் எரிகிறது என்று குழந்தை அழுதால், அழுகையை அடக்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும். மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோல் வெந்துவிடும். எல்லாவற்றினும் முக்கியம் காய்ச்சல். இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 100.4 டிகிரிக் காய்ச்சல் வந்தாலும், நள்ளிரவாயினும், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்குரிய சில வார்த்தைகள். கட்டி என்று தெரிந்தவுடன் மனம் முதலில் ஊரை நாடுகிறது. 'ஊருக்குப் போய்ப் பெரியவர்களைக் கலந்துகொண்டு, நம் பாஷை பேசும் டாக்டரிடம் காட்டுவோம்' என்று தோன்றுகிறது. அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் டிக்கட் கிடைக்க ஒரு வாரம், பண்டிகை முடிய ஒரு வாரம், லீவு கிடைக்க ஒரு வாரம் என்று நாட்கள் போய்விடுகின்றன. கட்டி அதற்குள் இருமடங்காக வளரக்கூடும். ஆதலால் ஸ்கேன் பரிசோதனையை இருக்கும் ஊரிலேயே, கண்ட மறுநாளே, செய்துவிட வேண்டும். எந்த ஊரில் சிகிச்சை என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். அதையும் சில நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எந்த ஊர் பெரியது என்பதன்று. ஆறேழு மாதம் தவறாமல் போய்வர நமக்கு எங்கே முடியும் என்பதே. மும்பையில் 1941-இல் திறக்கப்பட்ட டாடா நினைவு ஆஸ்பத்திரி, டெல்லியில் அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகம், சண்டிகரில் முதுநிலை வைத்தியக் கழகம், பெங்களூரில் கித்வாய் நிலையம், சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய புற்றுநோய் நிலையம், வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரி முதலிய இடங்களில் குழந்தைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை உண்டு. பாட்டனும் பாட்டியும் துணைக்கு இருப்பார்கள் என்பதால் தமிழ்நாட்டுக்குச் செல்வது ஒரு குடும்பத்துக்கு நல்லது. தகப்பனாரின் வேலையும் மூத்த பிள்ளையின் படிப்பும் இங்கே என்பதால் இங்கேயே தங்குவது மற்றொரு குடும்பத்துக்கு நல்லது. நடுவில் மாற்றுவதே நல்லதன்று. மாற்ற நேர்ந்தால், ஸ்கேன் படங்கள், அறுவைக் குறிப்பு, திசுப் பரிசோதனைத் தகடுகள், இதுவரை கொடுத்த மருந்துகளின் அளவும் தேதியும் ஆகிய அனைத்தையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

செலவைப் பற்றிய கவலைக்கும் வழி உண்டு. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது. ஒரு மாநிலத்தில் பெற்ற அட்டையை, திட்டத்தில் சேர்ந்துள்ள வேறு மாநில ஆஸ்பத்திரியிலும் பயன்படுத்தலாம். புற்றுநோய் சிகிச்சைக்குச் செல்வோருக்கும் துணை செல்பவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்குரிய சான்று தருவார்கள். ஆஸ்பத்திரியின் சமூக நல அலுவலரை முதல் நாளே கண்டு பேசினால் இவ்வுதவிகளுக்கு வழி காட்டுவார். வைத்தியர் பேசும் பாஷை புரியவில்லையானால் வெட்கப்படாமல், அறிந்த தமிழர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். நோயின் படி என்ன, மருந்து எத்தனை வாரம், அடுத்து வரவேண்டிய தேதி எது, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்னும் நான்கையும் எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

கடைசியாக ஒன்று. அறுவை முடிந்து கட்டி மறைந்து குழந்தை சிரித்து விளையாடத் தொடங்கும்போதுதான் பெரிய சோதனை வருகிறது. 'நோய் போய்விட்டதே, இனி ஊசி எதற்கு, பிள்ளையை ஏன் வாட்ட வேண்டும்?' என்ற எண்ணம் அன்பினால் எழுவது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் மிச்சமிருந்து மீண்டும் எழுந்தால், இரண்டாம் முறை குணப்படுத்துவது முதல் முறையைவிட மிகக் கடினம். சிகிச்சை முடிந்த பிறகும், நோய் திரும்பும் வாய்ப்பு மிகுந்த முதல் இரண்டு ஆண்டுகளில் சில மாதங்களுக்கு ஒருமுறை மார்பையும் வயிற்றையும் பரிசோதிக்க வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பு மருந்துகளை எப்போது மீண்டும் போடுவது என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகம் ஒன்றே எஞ்சிய குழந்தை நிறைவாக வாழ முடியும். எஞ்சிய ஒன்று சற்றுப் பெருத்து இரண்டின் வேலையையும் செய்கிறது. பள்ளிக்குப் போகலாம், படிக்கலாம், ஓடியாடலாம், உத்தியோகம் பார்க்கலாம், மணம் செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொண்டு, வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்காமல் இருந்தால் போதும். டாக்ஸோரூபிசின் பெற்றவர்கள் இருதயத்தையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நாளை உங்கள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, சோப்பு நுரைத்த கையை அதன் வயிற்றின் இருபுறமும் ஒருமுறை மெல்ல ஓடவிடுங்கள். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இராது. குழந்தை கூச்சத்தால் சிரிக்கும். அபூர்வமாக ஏதேனும் தட்டுப்பட்டால், கையை எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வைத்தியரிடம் செல்லுங்கள்.